வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

அலுவலகத்தில் அவளுக்குப் 'புள்ளிவிவரம்' என்று பட்டப்பெயர். ஆட்டிசமும் வளர்ச்சிக் குறைபாடும் உள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்கு என்ன உதவி தேவை என்று ஆராயும் அலுவலகம் அது. பயிற்சி மையங்களில் பெற்றோர் எழுதிக் கொடுக்கும் படிவங்களைப் படித்து, ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் எண் போட்டுக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. உறவினர் ஒதுக்கினார்கள் என்றால் நான்கு. பதில் தெளிவாக இல்லையென்றால் ஒன்பது. ஒரு வாழ்க்கையே எழுதியிருந்தாலும் அவளுக்கு அது ஒற்றை இலக்கம்தான். அன்று காலையும் மளமளவென்று முடித்துக்கொண்டே வந்தவள், அறுபத்து மூன்றாவது படிவத்தை எடுத்தாள். படிவங்களில் பெயர் இருக்காது.

'உங்களை மிகவும் புண்படுத்தியது எது?' என்ற கேள்விக்குக் கீழே நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது.

"நாத்தனார் மகளின் பிறந்தநாள். எல்லோரும் கைதட்டியதும் என் மகன் காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். அவனுக்குச் சத்தம் ஆகாதே, கொஞ்ச நேரம் உள்ளே இருங்கள் என்று எங்கள் இருவரையும் படுக்கையறைக்கு அனுப்பினார்கள். போனோம். பிறகு வெளியே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. ஒன்றேகால் மணி நேரம் உள்ளே இருந்தோம். என் நாத்தனார் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்கிறார்."

எழுதியது அண்ணி, அந்த நாத்தனார் அவளேதான். அவளுக்குக் காது மடல் சுட்டது. அக்கம்பக்கம் பார்த்தாள். அன்று வீட்டில் முப்பது பேர், கணவரின் மேலதிகாரி வேறு குடும்பத்தோடு வந்திருந்தார், பையன் மறுபடி ஓடி வந்து கேக்கில் கை வைத்துவிட்டால் என்ன ஆகும்? சாக்குக்கு என்றைக்குப் பஞ்சம்? விரல் தானாகப் போய் ஒன்பதை அழுத்தியது. தெளிவில்லாத பதில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

அடுத்த படிவம் கண்ணில் ஏறவில்லை. போன மாதம்தான் ஒரு கூட்டத்தில், இந்தக் குடும்பங்களைத் தனியாக விட்டுவிடாதீர்கள் என்று மேடையேறிப் பேசிக் கைதட்டல் வாங்கியிருந்தாள். ஊருக்குத்தான் உபதேசம். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. ஒன்பதை அழித்து நான்கு போட்டாள். போட்டால் மனம் ஆறும் என்று நினைத்தாள், ஆறவில்லை. அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள்.

அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். அந்தப் பிறந்தநாளுக்குப் பிறகு எட்டு மாதம் கழித்து வாசலில் நிற்கும் நாத்தனாரைப் பார்த்து அண்ணி திகைத்தாலும், உள்ளே அழைத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். முன்பெல்லாம் வாய் நிறைய "நீ" என்பவர், இப்போது "உக்காருங்க" என்றார். துணிக்குப் போடும் கிளிப்புகளை நிறம் நிறமாக அடுக்கிக்கொண்டிருந்த எட்டு வயதுப் பையன் அத்தையை ஒரு தடவை பார்த்தான். எழுந்து போய் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

இனிச் சனிக்கிழமைதோறும் மூன்று மணி நேரம் பையனைத் தானே பார்த்துக்கொள்வதாகவும், அண்ணி வெளியே எங்காவது போய் வரலாம் என்றும் அவள் படபடவென்று சொல்லி முடித்தாள்.

"இது உங்க ஆராய்ச்சிக்கா?" என்று கேட்டார் அண்ணி.

படிவத்தைப் படித்ததை வெளியே சொல்லக் கூடாது என்பது வேலையின் விதி. ஆனால் சொல்ல வேண்டியது படிவத்தில் இல்லை, அவளிடம்தான் இருந்தது.

"இல்ல அண்ணி. அன்னைக்கு வெளிய தாழ்ப்பாள் போட்டது நான்தான். சத்தத்துக்காகப் போடல. வந்தவங்க முன்னாடி இவன் எங்க வீட்டுப் பிள்ளைன்னு காட்டிக்க எனக்கு வெட்கமா இருந்துச்சு."

அண்ணி அழவும் இல்லை, திட்டவும் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

"யாரு போட்டதுன்னு அன்னைக்கே தெரியும். உங்க அண்ணன்கிட்ட இன்னும் சொல்லல. நீங்க வர்றதுன்னா வாங்க. ஆனா ரெண்டு வாரம் வந்துட்டு நின்னுடுறதா இருந்தா வேண்டாம். இவனுக்கு ஒண்ணு பழகிட்டா, அந்த நேரத்துக்கு வாசலையே பாத்துக்கிட்டு நிப்பான். அத்தைக்கு மனசு மாறிடுச்சுன்னு என்னால இவனுக்குப் புரியவைக்க முடியாது."

அவள் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். பையன் அம்மாவின் முதுகை விட்டு நகரவில்லை. அவன் வராததில் நியாயம் இருந்தது.

அண்ணியும் எதிரே உட்கார்ந்தார். "பிள்ளையை வளக்கறது கஷ்டம்தான். அது பழகிடுச்சு. சொந்தக்காரங்க எங்களைப் பாத்து வெட்கப்படறதுதான் இன்னும் பழகல. பெரிய உதவியெல்லாம் யாரும் செய்ய வேண்டாம். அவன் கத்தறப்போ கதவைச் சாத்தாம, எங்ககூட உக்காந்திருந்தா போதும்."