வலது கண்ணின் சிவப்பு

கண்கட்டை அவிழ்த்ததும் நர்ஸ் கேட்டாள்: "எப்படி இருக்கு ஐயா? உலகமே புதுசா தெரியுமே!"

புதுசாம், புண்ணாக்காம். வலது கண்ணில் சுவர் வெள்ளை வெளேரென்று நீலம் போட்ட மாதிரி தெரிந்தது. இடது கண்ணில் அதே சுவர் தேநீர்க் கறை பிடித்துக் கிடந்தது. இடதுக்கு அடுத்த மாதம்தான் கண்புரை ஆபரேஷன்.

ஜப்பானில் இந்தச் சக்காய் ஊரில் முப்பத்தெட்டு வருஷமாகச் சமையல் கத்தி அடிக்கிறேன். காய்ச்சிய எஃகு எந்தச் சிவப்பில் இருக்கும்போது தண்ணீரில் முக்க வேண்டும் என்பதுதான் என் தொழில், மற்றதெல்லாம் கைப்பழக்கம். சூடு குறைந்தால் முனை மழுங்கும், கூடினால் உதிரும். அதற்காகவே பட்டப்பகலிலும் பட்டறையை இருட்டடித்து வைத்திருக்கிறேன். கருவி வைத்துச் சூட்டை அளப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இந்தக் கண்ணை விட்டால் வேறு எதுவும் தெரியாது.

இரண்டு வாரம் தனியாகச் சோறு பொங்கி, கத்தரிக்காய் ஊறுகாயோடு தின்று, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உலையை மூட்டினேன். எஃகு பதத்துக்கு வந்துவிட்டது என்று இடது கண் சொன்னபோது, வலது கண்ணில் அது மஞ்சளாகக் கொதித்துக்கொண்டிருந்தது. ஐயோ, எதை நம்புவது! டாக்டரைத் திட்டிக்கொண்டே வலது கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு, பழைய கண்ணை நம்பி ஆறு கத்தி முடித்தேன்.

மூன்றாம் நாள் ஒக்குனோ வந்தான். எங்கள் ஊரில் அடிப்பவன் வேறு, தீட்டுபவன் வேறு. என் கத்திகளையெல்லாம் தீட்டுபவன் அவன்தான். என்னைவிட இரண்டு வயது இளையவன்.

"அண்ணே, ஆறுல மூணு உதிருது."

"போய் உன் சாணையைப் பாரு. நீ தேய்க்கிற லட்சணத்துக்குக் கடப்பாரையே உதிரும்!"

வழக்கமாக இதற்குப் பத்துத் திட்டு திருப்பிக் கொடுப்பான். அன்றைக்குத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். எனக்குப் பயமாகிவிட்டது.

"ஆபரேஷனால இல்லண்ணே. ரெண்டு வருஷமாவே இப்படித்தான்."

"என்னடா உளர்ற?"

"சூடு கூடிப்போகுது. மங்கின கண்ணுக்கு எல்லாமே கம்மியாத்தானே தெரியும்? உதிர்றதை ஓரமா வெச்சுட்டு, தேறினதை மட்டும் கடைக்கு அனுப்பினேன். கடைக்காரங்க கேட்டா, அண்ணன் இப்பல்லாம் மெதுவாத்தான் அடிக்கிறாருன்னு சொல்லிட்டேன்."

"அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா, படுபாவி!"

"அன்னிக்கு சுமியே அண்ணி செத்து ஒரு மாசம்கூட ஆகல. அப்பப் போய் உங்க கத்தியும் சரியில்லன்னு எப்படிண்ணே சொல்வேன்? அப்புறம் வாயே வரல."

அவனை அடிக்கக் கை எழவில்லை. தாங்கமுடியாத வெட்கமாக இருந்தது. ஊர் முழுக்க என்னை மாஸ்டர் என்று கூப்பிடும். நான் இரண்டு வருஷமாக எஃகைக் கருக்கியிருக்கிறேன். என் மனைவி இருந்திருந்தால் முதல் கத்தியில் முள்ளங்கி சீவும்போதே மூஞ்சிக்கு நேரே சொல்லியிருப்பாள்.

அவன் போனதும் கதவைச் சாத்தினேன். இந்தத் தடவை துண்டை இடது கண்ணில் கட்டினேன். இந்தக் கண்ணும் ஏமாற்றினால் நாளையிலிருந்து நான் யார்?

எஃகு காய்ந்து வந்தது. கறுப்பு, கருஞ்சிவப்பு, பிறகு அந்த நிறம். பழுத்த சீமைப்பனிச்சைப் பழத்தின் ஆரஞ்சுச் சிவப்பு, உள்ளே விளக்கு வைத்த மாதிரி. எனக்குத் தெரிந்த நிறம்தான் அது! இருபத்தைந்து வயதில் இதைப் பார்த்துத்தான் தொழில் கற்றேன். வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மங்கியதில், அது போனதே எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. முக்கினேன். தண்ணீர் சீறி அடங்கியது. எடுத்து அரத்தால் தேய்த்தால் அரம் கடிக்காமல் வழுக்கியது. கூடவே காய்ச்சி முக்கியிருந்த துணுக்கு ஒன்றை உடைத்துப் பார்த்தேன். உடைந்த முகம் மாவு போல நைசாக இருந்தது, சூடு சரிதான்.

"சுமியே! இங்க வந்து பாரேன், சிவப்பு திரும்பி வந்திருச்சு!"

சத்தம் போட்டே கூப்பிட்டுவிட்டேன். பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நின்றும் தொலைத்தேன்.

அப்புறம் உலையில் கரியைத் தள்ளிவிட்டு அடுத்த கத்தியை எடுத்தேன். அன்றைக்கு மொத்தம் ஏழு. ஒன்றுகூடப் பழுதில்லை.