பெயர் வராத பாட்டுகள்

கேட்கும் திறன் போன என் கணவருக்கு அறுவை செய்து காதுக்குள் கருவி வைத்து நான்கு மாதமாகிறது. பேச்சு கேட்கிறது. பாட்டுதான் தகரத்தை உருட்டுவதுபோல இருக்கிறதாம். பாட்டு இல்லாவிட்டால் அவர் பாதி ஆள். தெரிந்த பாட்டுகளையே தினமும் கேட்கட்டும், காது பழகலாம், பழகாமலும் போகலாம் என்றார் பயிற்சி கொடுக்கிற பெண்மணி. அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் நான் காதில் வாங்கவேயில்லை.

வீட்டு பிளேயரில் நான் போடப்போட, அவரும் என்ன பாட்டு என்று சரியாகச் சொன்னார். என் தையற்கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் தம்பட்டம் அடித்தேன்.

கொழுந்தனுக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை. "அண்ணி, நீங்க போடுற எம்பி3 பாதி சத்தத்தை வெட்டிப் போட்டுடும். ஃபிளாக்னு வேற கோப்பு வகை இருக்கு, சிடியிலேருந்து அதுல ஏத்துங்க. அளவும் சின்னது, சத்தமும் துளி குறையாது."

"சுருக்கினா எப்படி தம்பி குறையாம இருக்கும்?"

"அது வெட்டுறது இல்ல அண்ணி, மடிச்சு வைக்கிறது."

"மடிச்ச துணியில கோடு விழும். எனக்கேவா சொல்லித் தர்றே?"

சுருக்கவே சுருக்காத வேவ் என்கிற கோப்புதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பன்னிரண்டு சிடியை ஏற்றினேன். வேவில் பெயர் தானாக ஏறாதாம்; பிளேயர் திரையில் ஒரு பாட்டுக்கும் பெயர் வரவில்லை. டிராக் 01, டிராக் 02 என்று வெறும் எண்கள்.

முதல் பாட்டைப் போட்டேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன பாட்டுங்க?"

"தெரியல."

"போன வாரம் டக்குனு சொன்னீங்களே!"

"அப்ப திரையில பேரு இருந்துச்சு. படிச்சுச் சொன்னேன்."

ரிமோட்டைச் சோபாவில் விட்டெறிந்தேன். "இத்தனை நாளா என்னை முட்டாளாக்கியிருக்கீங்க!"

"நான் சொன்னதும் உன் முகம் அப்படி மலர்ந்துச்சு. பாட்டு புரியலைனு எப்படிச் சொல்றது?"

அவர் குரல் உடைந்துவிட்டது. இத்தனை நாளும் தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறார், பாவி மனுஷன். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

பெயர்களைப் போட்டுத் தருகிறேன் என்று கொழுந்தன் வந்தான். பிளேயர் பக்கமே வராதே என்றேன். தினமும் போடுவேன், "தெரியல" என்பார், அடுத்ததைப் போடுவேன். பத்து நாள் இப்படியே. ஒருநாள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பதினோராம் நாள் மாலை ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். நான்காவது டிராக் ஓடியது. அவர் தலையைச் சாய்த்தார். விரல் நாற்காலிக் கையில் தாளம் போட்டது.

"அடப்பாவி, இன்னும் லேட்டாத்தான் வர்றான்!"

"யாரு?"

"டிரம்ஸ்காரன். இந்தப் பாட்டுல அரைத் தாளம் பிந்தித்தான் உள்ள வருவான். கல்யாணமான புதுசுல உனக்குக் காட்டலையா?"

காட்டியிருக்கிறார். சட்டையைக் கீழே போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் இரைச்சல்தான். ஆனா அந்த லேட்டு ஆளே வந்துட்டான், மத்தவங்க வராமலா போயிடுவாங்க? திரும்பப் போடு."