எல்லாருக்கும் ஒரே விதி

சிப்பி உடைக்கும் கொட்டகையின் ஈரச் சிமெண்டுத் தரையில் முக்கால் மணி நேரமாக நின்றுகொண்டிருந்தேன். குளிர் ஷூவின் அடிவழியாக ஏறி எலும்புக்குள் உட்கார்ந்துகொண்டது. என்னை உட்காரச் சொல்ல, நான் பார்க்க வந்த அம்மாவுக்கு நேரமில்லை. கோஜே தீவில் டிசம்பர் என்றால் சிப்பிப் பருவத்தின் உச்சம். ஓட்டை உடைத்து எடுக்கும் சதைக்குக் கிலோக் கணக்கில் கூலி. கத்தியைக் கீழே வைத்தால் காசு நின்றுவிடும்.

நான் வந்தது அவர் மகள் நாரே விஷயமாக. பூசானில் மேதைகள் பள்ளியில் கடைசி வருடம் படிக்கிறாள். நான் அவளுடைய வகுப்பாசிரியர், கணக்கு வாத்தியார். எங்கள் பள்ளி அரசாங்கப் பணத்தில் நடப்பது. விஞ்ஞானிகளை உருவாக்கத்தான் அந்தப் பணம். சேரும்போதே பெற்றோர் ஒரு தாளில் கையெழுத்துக்குப் பதிலாகத் தங்கள் பெயர் முத்திரையைக் குத்திக் கொடுக்க வேண்டும். பிள்ளை மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால், மூன்று வருடம் அவனுக்குச் செலவழித்ததைத் திருப்பிக் கட்ட வேண்டும். ஒன்றரைக் கோடி வோன்.

போன வருடம் ஒன்பது பேர் மருத்துவத்துக்குப் போய்விட்டார்கள். பத்திரிகையில் நாறியது. இந்த வருடம் எண்ணிக்கை குறைந்தே ஆக வேண்டும் என்று தலைமையாசிரியர் மேசையைத் தட்டினார். என் வகுப்பில் மருத்துவத்துக்குப் போக நினைத்தவர்கள் நாலு பேர். முந்தின நாள் மூன்று வீடுகளுக்குப் போன் செய்தேன். தோஹுன் என்ற பையனின் அப்பா பல் டாக்டர். நான் பேசி முடிக்கும்வரைகூடப் பொறுக்கவில்லை. "அக்கவுண்ட் நம்பர அனுப்பிடுங்க சார், இன்னிக்கே போட்டுடறேன்" என்றார். மற்ற இரண்டு வீட்டிலும் இதே பதில்தான். ஒரு அம்மா ரசீது உண்டா என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகுதான் கோஜேவுக்குப் பஸ் ஏறினேன். எந்த வீட்டில் என் பேச்சு எடுபடும் என்று எனக்குத் தெரியும். என் அப்பா பூசான் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். லீவு நாட்களில் நானும் தூக்கியிருக்கிறேன். கடன் என்ற சொல்லைக் கேட்டால் இந்த மாதிரி வீட்டில் என்ன நடக்கும் என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

"என்ன சார், புள்ள ஏதும் தப்புத்தண்டா பண்ணிடுச்சா?"

"ஐயோ, இல்லம்மா. அவ மூளை மாதிரி பத்து வருஷத்துக்கு ஒண்ணுதான் வரும்."

பக்கத்து மேடையில் உடைத்துக்கொண்டிருந்தவள் சிரித்தாள். "ஏண்டி, அந்த மூளைய இத்தன நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்தே? உனக்கு மிச்சச் சில்லறை எண்ணவே வராதே!"

"அது அவங்கப்பன் வழி. இப்ப அந்த மனுசன் மூச்சத்தான் எண்ணிக்கிட்டுக் கெடக்காரு." கப்பல் பட்டறையில் இருபது வருடம் துரு சுரண்டி நுரையீரல் கெட்டுப்போனவர் அவர்.

விஷயத்தைச் சொன்னேன். கத்தி நின்றது.

"எம்புட்டு?"

"ஒன்றரைக் கோடி. விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடி, மொத்தமா."

"தவணை கெடையாதா?"

"கிடையாதும்மா."

"டாக்டர்னா காசு நிச்சயம்மான்னு நாரே சொன்னா. விஞ்ஞானியா போனா நாப்பது வயசுல ஒப்பந்தம் முடிஞ்சுதுன்னு வீட்டுக்கு அனுப்பிடுவானுங்களாமே. அவ சொன்னது தப்பா சார்?"

தப்பில்லை. "தேஜான்ல அறிவியல் கல்லூரியில இடம் கெடச்சிருச்சு. நாடு அவள நம்பியிருக்கு" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் என்னையே பார்த்தார். "மத்த புள்ளைங்க? அவங்களும் டாக்டருக்குப் போக மாட்டாங்களா?"

"எல்லாருக்கும் ஒரே விதிதாம்மா."

கையுறையைக் கழற்றினார். கூலிச் சீட்டில் குத்துவதற்காக முத்திரையை இடுப்புப் பையிலேயே வைத்திருந்தார். மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க மாட்டாள் என்று நான் எழுதிக் கொண்டுபோயிருந்த தாளில் அழுத்திக் குத்தினார். விரல் ஈரம் பட்டுச் சிவப்பு மை லேசாகக் கலங்கியது.

நாரேயிடம் சொன்னபோது, "அம்மா குத்திட்டாங்களா? சரி சார்" என்றாள். ஜனவரி முதல் வாரத்தோடு விண்ணப்பத் தேதி முடிந்தது.

குளிர்கால விடுமுறை முடிந்து பிப்ரவரியில் பள்ளி திறந்தது. பாடமெல்லாம் முடிந்துவிட்டதால், பொழுது போகட்டும் என்று பலகையில் ஒரு கணக்கு எழுதி நாரேயைக் கூப்பிட்டேன். தோஹுனுக்கு மருத்துவத்தில் இடம் கிடைத்துவிட்டிருந்தது. முன்பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு வம்புக்கு இழுத்தான்.

"ஏய் கோஜே, உன் மார்க்குக்கு எனக்கு முன்னாடி எடம் கெடச்சிருக்கும். ஏன் கட்டல? ஒன்றரைக் கோடிதானே! எங்கப்பா இந்த வருஷம் கார் மாத்தல, அவ்வளவுதான்."

"நீ எப்பக் கட்டினே?"

"டிசம்பர்ல. சார்தான் நம்பர் அனுப்பினாரு."

"தேதி?"

"இவ ஒருத்தி." போனைத் தடவினான். "பத்தொம்பது."

நாரே சாக்பீஸைப் பிடித்தபடி நின்றாள். "எங்கம்மாகிட்ட நீங்க இருபதாம் தேதி வந்தீங்க சார்."

"கணக்க முடி" என்றேன்.

திரும்பி முடித்தாள். எனக்கு எட்டு வரி பிடித்ததை மூன்றே வரியில் முடித்தாள். கையைத் தட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

அந்த வருடம் ஒன்பது எட்டானது. குறைந்த அந்த ஒன்று நான் குறைத்தது. தலைமையாசிரியர் எல்லார் முன்னாலும் என் தோளில் தட்டினார்.

பட்டமளிப்பு அன்று அந்த அம்மா யாரிடமோ ஒரு கோட்டு இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு வந்திருந்தார். என்னைக் கண்டதும் இடுப்பு மடியக் குனிந்தார். "நல்லவேள சார், நேர்ல வந்து சொன்னீங்க. இல்லேன்னா கடன்ல முழுகியிருப்போம்." மகள் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. நாரே பூங்கொத்தோடு நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மூவரையும் ஒரு பையன் போட்டோ எடுத்தான்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். பணம் கட்டினவனெல்லாம் போனான், அது எனக்கு முன்பே தெரியும், உங்களிடம் பொய் சொன்னேன் என்று. "நல்லா இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாரே இப்போது தேஜானில் இரண்டாம் வருடம். அவளிடமும் அவள் அம்மாவிடமும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியது இன்னும் பாக்கி.