பதினொரு மணிக்குள் ஏஞ்சல் செய்தது

அன்று வீட்டில் இருந்தவர்கள்: சம்பத்குமார் மாமா, அவர் மனைவி அம்ருதவல்லி மாமி, மகள் ஸிந்துஜா, பக்கத்து வீட்டு ராமானுஜனாகிய நான், தொலைபேசி லைன் பார்க்க வந்த ஏஞ்சல். திருவிழாவுக்கு வந்திருந்த உறவினர்கள் எல்லோரும் பெருமாளின் கருட சேவை பார்க்கப் போயிருந்தார்கள்.

2009, வைகாசி. பதினொரு மணிக்கு ஸிந்துஜாவுக்கு சிங்கப்பூர் பல்கலைக்கழகத்தின் நேர்காணல், கணினி வழியாக. தவறினால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். கணினி மாடி அறையில். வைஃபை பெட்டி கீழே கூடத்தில், பெருமாள் படங்களுக்கு அடியில், தொலைபேசிக்குப் பக்கத்தில். முந்தைய நாள் மாலை வரை ஒழுங்காக வந்த இணைப்பு, காலையிலிருந்து சிக்னலின் ஒற்றைக் கோட்டில் தொங்கி, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அறுந்தது. கணினியைக் கீழே இறக்கலாம் என்றார் மாமா. உறவினர் கூட்டம் திரும்பிவிட்டால் காதில் எதுவும் விழாது என்று மறுத்தாள் ஸிந்துஜா.

திருவிழாவுக்கு ஊர் வந்திருந்த நான் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டவன். சென்னையில் இரவெல்லாம் விழித்து, வெளிநாட்டுக்காரர்களுக்கு இதே கோளாறைத் தொலைபேசியில் சரிசெய்து கொடுப்பது என் பிழைப்பு. மனப்பாடமான பட்டியலை ஓட்டினேன். பெட்டியை அணைத்துப் போட்டேன், கடவுச்சொல்லை மாற்றினேன், வைஃபை அலை போகும் சேனலை மாற்றினேன். பெட்டி மேல் கிடந்த துணியை இரண்டு முறை தூக்கிப் பச்சை விளக்குகளைப் பார்த்துவிட்டு, மறுபடி ஒழுங்காகப் போர்த்தினேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஏஞ்சல் செவிலிமேட்டிலிருந்து மொபெட்டில் வந்தாள். முப்பது வயது இருக்கும், ஒப்பந்த ஊழியர். கூடத்து வாசலில் நின்றாள். மாமி அவளைப் பார்த்தார், பெருமாள் படங்களைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்து இருபது. உள்ளே வரச் சொன்னார்.

லைனைச் சோதித்தாள். பழுதில்லை. அவள் வேலை அங்கேயே முடிந்தது, போயிருக்கலாம். போகவில்லை.

"நேத்து சாயங்காலத்துக்கு அப்புறம் இங்க இன்னா மாத்துனீங்கமா?" என்று கேட்டாள்.

மாமி யோசித்து மூன்று சொன்னார். பித்தளைக் குடத்தைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தது, குத்துவிளக்கை அதன் அருகே நகர்த்தியது, பண்டிகையாயிற்றே என்று பெட்டிக்குப் புதிதாக உறை போட்டது. அந்த வீட்டில் டிவிக்கும் மிக்ஸிக்கும்கூட உறை உண்டு. இதற்கு மட்டும், நைந்துபோன தன் கல்யாணப் புடவையின் முந்தானையை வெட்டி நாலாக மடித்துப் போர்த்தியிருந்தார்.

ஏஞ்சல் என்னை மாடிக்கு அனுப்பி, கணினியில் தெரியும் கோடுகளை எண்ணிக் கத்தச் சொன்னாள். "ஒரு தபாக்கு ஒண்ணுதான் மாத்துவேன். நடுவுல நீ எதையும் தொடாத."

குடத்தை எடுத்தாள். ஒன்று என்று கத்தினேன். விளக்கை எடுத்தாள். ஒன்று. துணியை எடுத்தாள். நான்கு.

நானாக இருந்தால் அத்தோடு இறங்கி வந்து பெருமையடித்திருப்பேன். அவள் துணியைத் திரும்பப் போர்த்தினாள். ஒன்று. எடுத்தாள். நான்கு. அதன் பிறகுதான் என்னைக் கீழே கூப்பிட்டாள். என் அலுவலகத்தில் நூற்றிருபது பேர். இப்படி வேலை செய்கிற ஒருவரை அங்கே நான் பார்த்ததில்லை.

அவள் முந்தானையைக் கையில் தூக்கி எடை பார்த்தாள். ஜரிகையை நகத்தால் லேசாகச் சுரண்டினாள்.

"எங்கம்மா ஜரிகை சுத்திக்கினு இருந்தவங்க. இது கெட்டி ஜரிகைமா, வெள்ளி. நாலு மடிப்பு வெள்ளிக்குள்ள பெட்டிய போட்டா சிக்னல் எப்டி வெளிய வரும்?"

"உன் கல்யாணப் புடவையா பொண்ணை மறிச்சுது?" என்றார் மாமா. "ஜரிகை அசல்னு இப்பவாவது ஒத்துக்கறேளா?" என்றார் மாமி.

பத்து ஐம்பது. ஏஞ்சல் என்னோடு ஸிந்துஜா இருந்த மாடி அறைக்கு வந்து, நான் மாற்றி வைத்திருந்த சேனலைப் பழையபடி வைக்கச் சொன்னாள். ஐந்து நிமிடம் நின்று பார்த்தாள். இணைப்பு அறுபடவில்லை. தெருவில் உறவினர்களின் பேச்சுச் சத்தம் கேட்டது.

"வெளிய போலாம் வா," என்றாள் என்னிடம். இருவரும் வெளியே வந்தோம். எங்களுக்குப் பின்னால் ஸிந்துஜா கதவைச் சாத்திப் பூட்டிக்கொண்டாள்.