சிரிக்காத மாப்பிள்ளை

காரிமங்கலம் சந்தையில் பல்லைப் பார்க்காமல் ஒரு கன்றுக்குட்டியைக்கூட வாங்காதவர் பச்சியப்பன். எழுபத்துநாலாம் வருசம் மகள் சாலம்மாளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனார். மாப்பிள்ளை முனிராஜ் வாயையே திறக்கவில்லை. எதைக் கேட்டாலும் உதட்டை மூடிக்கொண்டு தலையாட்டினான்.

"ஏம்ப்பா, பேச வருமா வராதா?"

"வெக்கப்படறானுங்க" என்று முந்திக்கொண்டாள் அவன் தாய் மாதம்மாள்.

"இருவத்தாறு வயசு ஆம்பளைக்கு என்னத்த வெக்கம்? எங்கூட்டு எருமைகூட இவ்ளோ வெக்கப்படாது."

பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல்லெல்லாம் காவி படிந்து, குழி குழியாக இருந்தது.

"பொயலையா?"

"எப்பவாச்சும் போடுவானுங்க" என்றாள் மாதம்மாள்.

பச்சியப்பன் நம்பவில்லை. வாசலில் கோலி ஆடிய பிள்ளைகளைப் பார்த்தார். அத்தனை பேருக்கும் அதே பல். ஏழு வயசுப் பிள்ளையுமா புகையிலை போடும்? எதிர்வீட்டுக் கிழவர் இவரைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பவில்லை, உடம்போடு திரும்பினார். இது என்ன கூத்து என்று இவருக்குக் குடைந்தது.

மாதம்மாள் மரியாதைக்குச் சொம்பை நீட்டினாள். சம்பந்தம் முடிவாகும்வரை பச்சைத் தண்ணீர்கூடத் தொடக் கூடாது என்பது வழக்கம். வேண்டாமென்று கை காட்டினார்.

"குடிக்காததே நல்லதுங்க. எங்க பல்லு இப்பிடி ஆனது இந்தத் தண்ணியாலதாங்க" என்றான் முனிராஜ். "போன வருசம் ஆபீசருங்க வந்து எங்கூருக் கெணத்துத் தண்ணிய பாட்டில்ல புடிச்சுட்டுப் போனாங்க. இதுல என்னமோ உப்பு இருக்குதாம். சின்னதுல இருந்து குடிச்சா பல்லு இப்பிடி ஆவுமாம், வயசானா எலும்பு வெறைச்சுக்குமாம்."

"வாய மூடுடா!" மாதம்மாள் அழுதேவிட்டாள். "சொன்னா எவன் பொண்ணு குடுப்பான்? ஏற்கெனவே மூணு எடம் தட்டிப்போச்சு."

"மறைச்சுக் கட்டிக்கிட்டு, நாளைக்கு எம்புள்ளைக்கும் இந்தப் பல்லு வந்தா அவ என்னைக் கேக்க மாட்டாளாம்மா?"

பச்சியப்பன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார், ஊருக்குக் கிளம்பத்தான். கால் என்னவோ கிணற்றடிக்குப் போனது. வாளியில் இருந்ததை ஒரு கை அள்ளி மோந்து பார்த்தார். பளிங்குத் தண்ணீர், ஒரு வாடையும் இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

திரும்பி வந்து கேட்டார்: "வேற நல்ல தண்ணி இருக்குதா?"

"ரெண்டு மைல்ல ஒரு கெணறு இருக்குதுங்க. அதையும் சோதிச்சு நல்லதுன்னுட்டாங்க. சைக்கிள்ல கொண்டாரலாம்."

"கொண்டாரணும். இனிமே தெனமும். உங்காத்தாளும் அதையே குடிக்கணும். நான் சொல்லாம கொள்ளாம வந்து பாப்பேன்."

"அப்ப பொண்ணு?" என்றாள் மாதம்மாள்.

"சாலம்மா கிட்ட எல்லாத்தையும் சொல்றேன். அவ சரின்னா தையில கல்யாணம். ஏம்மா, பல்லுல கறை இருக்கறது குத்தமில்ல, அத மறைச்சதுதான் குத்தம். பத்துப் பொருத்தம் பாக்கறோமே, குடிக்கற தண்ணி என்ன, ஒடம்புல நோவு என்னன்னு எவன் கேக்கறான்? கேக்கணும். கேட்டா ஒளிக்காம சொல்லணும். அப்பிடிக் கட்டற கல்யாணந்தான் நிக்கும்."