உமிக் குவியலுக்குப் பின்னால் ஒரு மேல் சுரம்

பத்மாசனி மாமி சாவதற்கு வேறு நாள் பார்த்திருக்கலாம். இப்படி நினைக்க எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் நினைத்தேன். எங்கள் வேலிக்கு அடுத்த வீடு அவர்களுடையது. செத்த வீடு என்றால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும் வரை ஒழுங்கையில் எந்த வீட்டிலும் ரேடியோகூடப் போடமாட்டார்கள். எனக்கோ இருபதாம் நாள் கொழும்பில் தேர்வு.

ஒரு பாண்ட் குழுவில் ட்ரம்பெட் வாசிக்க ஓர் இடம் இருந்தது. மாதச் சம்பளம், தங்குவதற்கு அறை. பள்ளிக்கூடம் முடித்து மூன்று வருடமாகக் குசினிக்கும் கிணற்றுக்கும் நடுவே நடந்துகொண்டிருக்கிறேன். ஒட்டுசுட்டானை விட்டு வெளியேற எனக்கு வேறு வழி இல்லை.

"ஊதினாயெண்டால் பறிச்சுப் பூட்டி வச்சிடுவன்," என்றாள் அம்மா. அம்மா விமலேஸ்வரி, சொன்னதைச் செய்கிறவள்.

தேர்வுக்குக் கொடுத்த இசைத் துண்டின் நடுவில் ஒரு மேல் சுரம் வரும். ஆறு மாதமாக அதில்தான் விழுந்து எழும்பினேன். தொடக்கத்திலிருந்து உற்சாகமாக வருவேன், அந்த இடத்தில் தொண்டை கட்டிய சேவல் மாதிரிச் சத்தம் பிளக்கும், திரும்பவும் தொடக்கத்துக்குப் போவேன். போன வருடம் அதே குழுவில் சேர்ந்த நெளுக்குளம் பிரேமிளா அக்கா போனில் திட்டினார்.

"ஏன் முதலிலையிருந்து ஓடி வாறாய்? பிழைவிடுற இடத்தை மட்டும் பிடி. மெதுவா. பத்துத் தரம் சரியா வந்தால் பிறகு முன்னுக்கு ரெண்டு சுரம் சேர்."

எங்கே போய்ப் பிடிப்பது? மாமி செத்த ஆறாம் நாள் தங்கராசா அண்ணையின் நெல்லு மில்லுக்குப் பின்னால் போனேன். மெசின் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, உமிக் குவியலுக்கும் சுவருக்கும் நடுவே நின்று, கண்ணை மூடி அந்த ஓர் இடத்தையே ஊதினேன். ஒன்பது நாள். மூக்கெல்லாம் தூசி. கொடுமை என்னவென்றால், நான் ஊதுவது எனக்கே கேட்கவில்லை. சரியாக வருகிறதா, இல்லை பிழையைத்தான் திறமாகப் பழகுகிறேனா என்றுகூடத் தெரியவில்லை.

அங்கே ஊதத் தொடங்கிய பத்தாம் நாள் யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். பஞ்சை எடுத்தேன்.

"பிள்ளை, கரண்ட் போய் ஐஞ்சு நிமிசம்!" தங்கராசா அண்ணை தலையில் கை வைத்தார். "ஊருக்கெல்லாம் கேட்டுப்போச்சு."

ஒழுங்கை முகப்பில் அம்மா நின்றாள். என் கையைப் பிடித்து நேரே செத்த வீட்டுக்கு இழுத்துப் போனாள். மாமியின் புருஷன் சிற்றம்பலம் மாமா சவரம் செய்யாத முகத்தோடு கதிரையில் இருந்தார்.

"அறியாமல் செய்திட்டாள், மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றாள் அம்மா.

மாமா தலை நிமிரவில்லை. "அந்தியேட்டி முடியுமட்டும் ஊதாதை, பிள்ளை."

திட்டியிருந்தால் எதிர்த்துக் கதைத்திருப்பேன். அவர் கெஞ்சுவது போலக் கேட்டார்.

"ஓம் மாமா," என்றேன். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது. தேர்வுக்கு இன்னும் ஐந்து நாள். ஊதாத உதட்டோடு போய் எதை வாசிப்பது?

வாசல் படலையடியில் மாமியின் மகள் தாட்சாயினி பின்னால் வந்தாள்.

"அம்மா படுக்கையிலை கிடந்த ஆறு மாசமும் நீ ஊதுறதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தவா. அந்த இடம் வரேக்கை மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இருப்பா. பிறகு, 'இண்டைக்கும் விழுந்திட்டாள்' எண்டுவா."

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"இண்டைக்கு ஒருக்காலும் விழேல்லை, தேனுகா. ஐஞ்சு நிமிசமும் கேட்டனான்."

மாமியின் சாவுக்கு அழாத நான் அந்தப் படலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ட்ரம்பெட்டை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகினாள்.

"கொழும்பு பஸ் ஏறேக்கை தருவன்," என்றாள்.

அம்மா சொன்னதைச் செய்கிறவள். நான் ட்ரம்பெட்டின் மூன்று பொத்தான்களில் வைப்பது போலக் கதிரைக் கையில் மூன்று விரல்களை வைத்து, மெதுவாக, அந்த இடத்திலிருந்து தொடங்கினேன்.