குப்புறப் படுத்திருந்த சம்பந்தி

1
இந்தக் கதை என் இடுப்பு நோவிலிருந்து பிறந்தது. வன்னியில், துணுக்காயில், பத்மாசனி அக்கா எனக்கு ஒத்தடம் கொடுத்தபடி, சிரித்துச் சிரித்துத் தன் வீட்டுக்காரரின் கதையைச் சொன்னார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "1998. போரால் நோவு மாத்திரைகூடக் கிடைக்காத அந்த இருண்ட…" வேண்டாம். பரமலிங்கம் பட்டப்பகலில், விறாந்தைப் பாயில், குப்புறப் படுத்திருந்தார்.

2
பரமலிங்கம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய கமக்காரர். பலவருட இடுப்பு நோ, அந்த விதைப்புக் காலத்தில் அவரை எழும்பவே விடவில்லை. மகள் கஜனி, மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த மாயாண்டியின் மகனை விரும்பிக் கட்டியதிலிருந்து அவளோடு பேச்சில்லை. மாயாண்டிக்கோ எண்ணெய் போட்டு உருவிவிடத் தெரியும். பத்மாசனி அவரை நாட்டு வைத்தியராக்கிப் பின்பக்கத்தால் கூட்டிவந்து, புருசனிடம் சொன்னார்:

"புதுப் பரியாரியார். அவர் கதைக்கமாட்டார்."

(கதைக்கவும் முடியாது. வாயைத் திறந்தால் மலையகத் தமிழ் காட்டிக்கொடுத்துவிடும்.)

3
சுடு நல்லெண்ணெய் பட்டதும் பரமலிங்கத்தின் வாய் இளகியது. "என்ரை மேளைக் கொண்டுபோனவன், பரியாரியார், ஒரு…" அந்தச் சொல்லை நான் எழுதவில்லை. மாயாண்டி கேட்டதே போதும்.

இந்த இடத்தில் மாயாண்டி கோபத்தில் பெருவிரலால் அழுத்தியதாக எழுதியிருந்தேன். அக்கா மறுத்தார். "சீ, அந்த மனுசன் அப்பிடிச் செய்யேல்லை. கை ஒருக்கா நிண்டது. பிறகும் உருவினவர்." அழித்துவிட்டேன்.

அடுத்தது வறுத்த உப்பு முடிச்சு. சூடு கூடிவிட்டது. "ஐயோ அம்மா!" என்று பரமலிங்கம் அலற, மாயாண்டி பதறிப்போனார்.

"சுட்டுருச்சுங்களா?"

4
பரமலிங்கம் திரும்பிப் பார்க்கவில்லை. (விடாதது இடுப்பா, மனமா? இது என் கெட்டித்தனம், பொறுத்துக்கொள்ளுங்கோ.) பாயில் முகம் வைத்தபடியே கேட்டார்:

"அவள் பிள்ளைத்தாச்சியாம். இடுப்பு நோகுதாமோ?"

"நோகுதுங்க. தண்ணி தூக்க விடுறதில்ல."

"ஒத்தடம்?"

"எங்க வீட்டுக்காரிதான் குடுக்குது. எளஞ்சூட்டுல."

"ம். எனக்கு மட்டும் கொதிக்கக் கொதிக்க."

மாயாண்டி சிரித்துவிட்டார். குசினிக்குள் அடுப்போடு நின்ற பத்மாசனியும்.

மாயாண்டி போகும்போது பரமலிங்கம் சொன்னார்: "நாளைக்கும் வாங்கோ. தனிய வராதேங்கோ."

5
மறுநாள் மாயாண்டியோடு கஜனி வந்தாள். அவளிடம் பரமலிங்கம் சொன்ன முதல் வார்த்தை என்ன? பலவிதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றும் அவர் வாயிலிருந்து வந்தது போல இல்லை. நீங்களே சொல்லுங்கோ. கெதியாய்ச் சொல்லுங்கோ, வயிற்றுப் பிள்ளையோடு அவள் வெயிலில் நிற்கிறாள்.